முன் சீட் எனக்கு எப்போ?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அண்ணன் பையன். வயசு ஏழு. எங்க வீடு நந்தனத்துல. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பம் வந்தா, சாயங்காலம் எல்லாரும் ஒரே கார்ல பெசன்ட் நகர் பீச்சுக்குக் கிளம்புவோம். கார் கதவைத் திறந்த உடனே அவன் குரல்தான் முதல்ல வரும்: "சித்தப்பா, நான் முன்னாடி!"

நான் ஓட்டுவேன். பக்கத்துல எங்க அப்பா, அப்பா மடியில அவன். பின்னாடி அண்ணன், அண்ணி, அம்மா. அம்மா மடியில பத்து மாசப் பாப்பா. அஞ்சு பேர் கார்ல ஏழு பேர். பாப்பா பிறக்குறதுக்கு முன்னாடியிலிருந்தே இப்படித்தான் போயிட்டு இருந்தோம். நான் ஒரு தடவை கூட வேண்டாம்னு சொன்னதில்ல. சொல்லப்போனா, "தாத்தா மடியில உட்காருடா, நல்லா வேடிக்கை பார்க்கலாம்"னு கூப்பிட்டதே நான்தான்.

2025 செப்டம்பர் கடைசியில ஒரு செய்தி வந்தது. உங்கள்ல பலர் படிச்சிருப்பீங்க. ஓ.எம்.ஆர்.-ல திருப்போரூர் பக்கம் ஆலத்தூர். முன்னால போன கார் திடீர்னு திரும்ப, பின்னால வந்த கார் அதுல மோதிடுச்சு. பின்னால வந்த கார்ல ஒரு சின்னப் பையன் முன் சீட்ல அப்பா மடியில உட்கார்ந்திருந்தான். ஏர்பேக் விரிஞ்சது. பையன் இறந்துட்டான். அவனுக்கும் வயசு ஏழு.

அந்த அப்பாவைக் குறை சொல்ல நான் வரல. அதே மாதிரிதான் எங்க கார்லயும் போயிட்டு இருந்தோம். எங்களுக்கு எதுவும் ஆகல, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாரம் ராத்திரி உட்கார்ந்து இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

உயிரைக் காக்கிற பொருள் எப்படி உயிரை எடுக்குது?

ஆலத்தூர் முதல் சம்பவம் இல்ல. 2024 செப்டம்பர்ல கேரளாவுல, மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் பக்கத்துல, முன் சீட்ல அம்மா மடியில இருந்த ரெண்டு வயசுக் குழந்தை இதே மாதிரி இறந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல நவி மும்பை வாஷியில, முன் சீட்ல இருந்த ஒரு சின்னப் பையன். மூணு இடத்துலயும் குழந்தை முன் சீட்ல இருந்தது, ஏர்பேக் விரிஞ்சது.

ஏர்பேக்கை நாம ஒரு தலையணை மாதிரி நினைச்சுக்கிறோம். மோதினா பொசுக்குனு ஒரு மெத்தை வந்து நம்மளைத் தாங்கிக்கும்னு. நடக்குறது வேற. மோதல் நடந்த சில மில்லிசெகண்டுல சென்சார் முடிவெடுக்குது. அதுக்கப்புறம் ஏறக்குறைய 30 மில்லிசெகண்டுல பை முழுசா நிரம்புது. நாம ஒரு தடவை கண் சிமிட்டவே 100 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். அவ்வளவு வேகமா நிரம்பணும்னா, டேஷ்போர்டைப் பிளந்துக்கிட்டு அந்தப் பை வெளிய வர்ற வேகம் மணிக்கு 200, 300 கி.மீ. அளவுல இருக்கும். நிரம்பின அடுத்த நொடியே பின்பக்கத் துளைகள் வழியா காத்து வெளியேற ஆரம்பிச்சிடும். அந்த நேரத்துல வந்து சாய்ற தலையைத்தான் அது மெத்தை மாதிரி ஏந்திக்குது.

எங்க ஐ.டி. பாஷையில 'ரேஸ் கண்டிஷன்'னு ஒண்ணு சொல்வோம். ரெண்டு வேலை ஒரு குறிப்பிட்ட வரிசையில நடந்தாதான் புரோகிராம் சரியா ஓடும். வரிசை மாறினா எல்லாம் உடையும். ஏர்பேக்கும் அப்படித்தான். முதல்ல பை நிரம்பணும், அப்புறம் தலை வந்து சேரணும். பெல்ட் போட்டு, சீட்ல நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்த பெரியவங்களுக்கு இந்த வரிசை சரியா அமையும். பெல்ட் அவங்களைப் பிடிச்சு வச்சிருக்கும், அதுக்குள்ள பை நிரம்பிடும்.

மடியில இருக்கிற குழந்தைக்கு அந்த வரிசை அமையவே அமையாது. தாத்தாவோட நெஞ்சுக்கு முன்னாடி குழந்தை. அதாவது, பை விரியுறதுக்குன்னு விட்டிருக்கிற காலி இடத்துலதான் குழந்தை உட்கார்ந்திருக்கு. அதோட, மோதுறதுக்கு முன்னாடி டிரைவர் பிரேக் அடிப்பாரு இல்லையா? அதுலயே பெல்ட் போடாத குழந்தை டேஷ்போர்டு பக்கம் தள்ளப்பட்டிருக்கும். பை பாதி கூட நிரம்பாத நேரத்துல, அதன் முழு வேகமும் முகத்துலயும் கழுத்துலயும்தான் இறங்கும். தனியா உட்கார்ந்திருந்தாலும் சின்னப் பசங்க உயரம் குறைவு. பெரியவங்களுக்கு நெஞ்சுல படுறது அவங்களுக்கு முகத்துல படும்.

"சிட்டிக்குள்ள மெதுவாத்தானே போறோம்"னு எங்க அப்பா கேட்டார். சுவர் மாதிரி அசையாத ஒண்ணுல மணிக்குச் சுமார் 16 கி.மீ.-லிருந்து 25 கி.மீ. வேகத்துல மோதினாலே ஏர்பேக் விரியக்கூடும். நந்தனம் சிக்னல் பச்சை விழுந்து நாம இரண்டாவது கியர் போடுறப்பவே அந்த வேகம் வந்துடும்.

கார் மாறிடுச்சு, பழக்கம் மாறல

அப்பா அடுத்து வச்ச வாதம் எல்லா வீட்லயும் வர்றதுதான். "நீங்க ரெண்டு பேரும் என் மடியில உட்கார்ந்து வந்துதானேடா வளர்ந்தீங்க?" உண்மைதான். ஆனா நாங்க வளர்ந்த கார்ல ஏர்பேக் கிடையாது. அப்பவும் மடி ஆபத்துதான், நாங்க தப்பிச்சோம். தப்பிக்காதவங்க வந்து இந்த வாதத்தை வைக்க முடியாது இல்லையா?

நம்ம நாட்டுல டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில. டிரைவர் பக்கத்து சீட்டுக்கு, புதுசா அறிமுகமாகிற மாடல்கள்ல 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஏற்கனவே விற்பனையில இருந்த மாடல்களுக்கு அந்த வருஷக் கடைசி வரை நேரம் கொடுத்தாங்க. அதாவது, விலை கம்மியான கார்கள்லயும் முன் சீட் ஏர்பேக் வந்து சில வருஷம்தான் ஆகுது. நல்ல விஷயம்தான், நிறைய உயிரைக் காப்பாத்தும். ஆனா குழந்தையை முன் சீட்ல மடியில வச்சுக்கிற பழக்கம் மட்டும் ஏர்பேக் இல்லாத காலத்துலயே நிக்குது.

அமெரிக்கா இந்தக் கட்டத்தை 1990-கள்ல தாண்டிச்சு. 1990-லிருந்து 2008 வரைக்கும், குறைஞ்ச வேக விபத்துகள்ல முன் ஏர்பேக் விரிஞ்சதால மட்டும் 290 பேருக்கு மேல இறந்ததா அந்த நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டிருக்கு. அதுல ஒரு பெரிய பங்கு குழந்தைகள். 80 சதவீதத்துக்கு மேல பெல்ட் போடாதவங்க, இல்லன்னா சரியாப் போடாதவங்க. கிட்டத்தட்ட 90 சதவீதம் 1998-க்கு முன்னாடி தயாரான வண்டிகள்ல நடந்தது. அதுக்கப்புறம் ஏர்பேக்கின் விசையைக் குறைச்சாங்க, எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினாங்க, முக்கியமா குழந்தைகளைப் பின் சீட்டுக்கு மாத்தினாங்க. இது தீர்வு இல்லாத பிரச்சினை இல்ல. இன்னொரு ஊர் அடிபட்டுக் கத்துக்கிட்டதை நாம அடிபடாமலே கத்துக்கலாம்.

ஒரு சின்ன வேலை: உங்க கார்ல பாசஞ்சர் பக்கத்து சன் வைசரைக் கீழே இறக்கிப் பாருங்க. குழந்தை படம் போட்டு ஒரு எச்சரிக்கை இருக்கும். எங்க கார்ல அதுக்கு மேலதான் பார்க்கிங் சீட்டு, டோல் ரசீது எல்லாம் சொருகி வச்சிருந்தோம்.

சட்டம் என்ன சொல்லுது?

2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 194பி-ன்னு ஒரு பிரிவு வந்தது. 14 வயசு நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாம கார்ல கூட்டிட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். கவனிங்க, அந்தப் பிரிவு முன் சீட், பின் சீட்னு பிரிச்சுப் பேசல. முன் சீட்டுக்கு இத்தனை வயசுன்னும் சொல்லல. ஆனா மடியில வச்சுக்கிட்டா, எந்த சீட்டா இருந்தாலும், அது சட்டப்படி தப்பு.

கேரளாவுல 2024 அக்டோபர்ல போக்குவரத்துத் துறை, சின்னக் குழந்தைகளுக்குப் பின் சீட்ல தனி சீட், 135 செ.மீ.-க்குக் குறைவான கொஞ்சம் பெரிய பசங்களுக்கு பூஸ்டர்னு அறிவிச்சது. எதிர்ப்பு வந்ததும், இப்போதைக்கு அபராதம் கிடையாதுன்னு அமைச்சரே சொல்லிட்டார். பிரிட்டன்ல 12 வயசு அல்லது 135 செ.மீ., எது முதல்ல வருதோ அதுவரைக்கும் குழந்தை சீட் கட்டாயம். அமெரிக்காவுல அரசும் குழந்தை மருத்துவர்களும் சொல்ற அறிவுரை இன்னும் நேரடியானது: 13 வயசு ஆகிற வரைக்கும் பின் சீட்தான்.

ஏன் 13? உயரம் மட்டும் போதாதா?

கார் பெல்ட் பெரியவங்க உடம்புக்காக செஞ்சது. அது ரெண்டு இடத்துல பிடிக்கணும்: கீழே இடுப்பெலும்பு, மேலே தோள்பட்டை. சின்னப் பசங்களுக்கு இடுப்பெலும்பு இன்னும் முழுசா வளரல. அதனால கீழ் பெல்ட் வழுக்கி வயித்து மேல ஏறிடும். மோதினா உள்ளே இருக்கிற குடல், கல்லீரல் அடிபடும். மேல் பெல்ட் தோள்ல நிக்காம கழுத்தை அறுக்கும். கழுத்து உறுத்துதுன்னு அவங்க அதை எடுத்து முதுகுக்குப் பின்னாடி போட்டுப்பாங்க. அப்போ பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல.

நிறுத்தி வச்ச கார்லயே நீங்க பார்க்கலாம், அஞ்சு கேள்வி:

1. முதுகு சீட்ல ஒட்டி இருக்கா?
2. அப்படி உட்கார்ந்தப்போ, முழங்கால் சீட்டின் விளிம்புல மடியுதா?
3. கீழ் பெல்ட் தொடையும் இடுப்பும் சேர்ற இடத்துல இருக்கா? வயித்துல இருக்கக் கூடாது.
4. மேல் பெல்ட் கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவுல போகுதா?
5. பயணம் முழுக்க சரியாம, வழுக்காம அப்படியே உட்கார முடியுமா?

அஞ்சுக்கும் ஆமாம்னா, பூஸ்டர் இல்லாம வெறும் பெல்ட் போதும். பெரும்பாலான பசங்களுக்கு இது சுமார் 145 செ.மீ. உயரம் வந்ததும், எட்டு வயசுக்கும் பன்னிரண்டு வயசுக்கும் நடுவுல சாத்தியமாகும். ஆனா இது பெல்ட்டுக்கான தேர்வுதான், முன் சீட்டுக்கான அனுமதி இல்ல. பாஸ் ஆனாலும் 13 வயசு வரைக்கும் பின் சீட்ல இருக்கிறதுதான் நல்லது. அஞ்சாவது கேள்வியைப் பாருங்க. உயரமான ஒன்பது வயசுப் பையன் கூட கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிவான், டேஷ்போர்டைத் தொட்டுப் பார்ப்பான். அந்த நொடியில மோதினா, அவன் முகம் ஏர்பேக் மூடிக்கு முன்னாடி இருக்கும்.

எங்க வீட்டுப் பையனை உட்கார வச்சுப் பார்த்தேன். 122 செ.மீ. முதல் கேள்வியிலயே ஃபெயில். கால் மடிக்க முடியாம முன்னாடி வழுக்கி வந்துட்டான்.

பின் சீட்டுன்னா பெல்ட் வேண்டாமா?

வேணும். 2022 செப்டம்பர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல விபத்துல இறந்தப்போ அவர் பின் சீட்லதான் இருந்தார், பெல்ட் போடலன்னு போலீஸ் சொன்னாங்க. பின் சீட்ல பெல்ட் இல்லாம அம்மா மடியில இருக்கிற பாப்பாவுக்கு ஏர்பேக் ஆபத்து இல்ல, அவ்வளவுதான். மத்த ஆபத்து எல்லாம் அப்படியே இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு. 50 கி.மீ. வேகத்துல போற கார் மோதி, 0.1 செகண்டுல நிக்குதுன்னு வச்சுக்கலாம். அந்த நேரத்துல உள்ளே இருக்கிற எல்லாம் தன் எடையைப் போல 14 மடங்கு விசையோட முன்னாடி பாயும். எங்க பையன் 22 கிலோ. அவனைப் பிடிச்சு நிறுத்தணும்னா தாத்தா கை 300 கிலோவைத் தாங்கணும். அப்பாகிட்ட சொன்னேன்: "25 கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டு, ஒரே நேரத்துல." அவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துட்டு இருந்தார்.

வயசுக்கு ஏத்த சீட்

பச்சைக் குழந்தைக்குப் பின்நோக்கின சீட், அதாவது குழந்தை முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கணும். குழந்தைக்குத் தலை பெருசு, கழுத்து பலவீனம். முன்பக்கம் மோதினா, பின்நோக்கின சீட் தலை, கழுத்து, முதுகு மூணையும் சேர்த்துத் தாங்கும். ஐரோப்பாவின் புது விதிப்படி 15 மாசம் வரைக்கும் இது கட்டாயம். அந்த சீட்டின் எடை, உயர அளவு தாண்டுற வரைக்கும் அதுலயே வச்சிருந்தா இன்னும் நல்லது. ஏர்பேக் ஆன்ல இருக்கிற முன் சீட்ல இதை எந்தக் காரணத்துக்கும் வைக்கவே கூடாது. பை நேரா சீட்டின் முதுகுல, குழந்தையின் தலைக்குப் பின்னாடி அடிக்கும்.

அடுத்து, தனக்குன்னு பட்டைகள் இருக்கிற முன்நோக்கின சீட். அதுக்கப்புறம் பூஸ்டர். பூஸ்டர் குழந்தையை உயர்த்தி உட்கார வச்சு, கார் பெல்ட் சரியான இடத்துல வர வைக்குது. தோள் பெல்ட் இல்லாம இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கிற நடு சீட்ல பூஸ்டர் வைக்கக் கூடாது. சில பழைய கார்கள்ல நடு சீட் அப்படித்தான் இருக்கும். வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஆர்44, ஆர்129 முத்திரை இருக்கான்னு பாருங்க. காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தா மாட்டுறது சுலபம்.

கார் வாங்குறவங்களுக்கு ஒண்ணு: 2023 அக்டோபர்ல தொடங்கின பாரத் என்-கேப் சோதனையில குழந்தைகளுக்குன்னு தனி ஸ்டார் இருக்கு, மொத்தம் 49 மார்க். ஒன்றரை வயசு, மூணு வயசுக் குழந்தை அளவுல பொம்மைகளை வச்சு மோதிப் பார்க்கிறாங்க. அந்தப் பொம்மைகளை அவங்களும் பின் சீட்லதான் குழந்தை சீட் போட்டு வைக்கிறாங்க.

வேற வழியே இல்லாம, பின் சீட்ல இடமில்லாம ஒரு பெரிய பையனை முன்னாடி உட்கார வைக்கணும்னா? இருக்கிறதுலயே மூத்த பிள்ளையை, தேவைன்னா பூஸ்டரோட, பெல்ட் போட்டு உட்கார வைங்க. சீட்டை முடிஞ்ச வரைக்கும் பின்னாடி தள்ளுங்க. டேஷ்போர்டு மேல கால் போட விடாதீங்க. அப்புறம், ஏர்பேக் மூடி மேல ஒட்டியிருக்கிற பிள்ளையாரை வேற இடத்துக்கு மாத்துங்க. பை விரிஞ்சா அவரும் அதே வேகத்துல பறந்து வருவார்.

எங்க வீட்ல இப்போ

பின் சீட்ல ரெண்டு குழந்தை சீட் வச்சா ஒரு பெரியவருக்குத்தான் இடம். இப்போ அண்ணன் ஓட்டுறார், முன்னாடி அப்பா, பின்னாடி பிள்ளைங்களோட அண்ணி. நானும் அம்மாவும் ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டர்ல. "காசு போட்டு கார் வாங்கி, நான் ஸ்கூட்டர்ல வரணுமா"ன்னு அம்மா வாரா வாரம் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். இது செலவு இல்லாத மாற்றம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சீட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய், இடத்துக்குச் சண்டை, முதல் ரெண்டு வாரம் அழுகை. டாக்ஸி பிடிச்சா இன்னும் கஷ்டம், குழந்தை சீட் இருக்காது. அப்பவும் பின் சீட், ஆளுக்கு ஒரு பெல்ட், மடி கிடையாதுன்னு வச்சிருக்கோம். பாப்பாவோட போகணும்னா நம்ம சீட்டையே தூக்கிட்டுப் போறோம்.

பையன் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ எனக்கு எப்போ சித்தப்பா?" 13 வயசுன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டான். அப்பாதான் ஒரு வேலை பண்ணார். ஹால் கதவு நிலையில டேப் வச்சு அளந்து, 145 செ.மீ.-ல பென்சில் கோடு போட்டு, "இது வந்தா பூஸ்டர் போயிடும். அப்புறம் பதிமூணு. அன்னைக்கு நான் பின்னாடி, நீ முன்னாடி"ன்னார். இப்போ அவன் வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு நேரா அந்தக் கோட்டுக்குத்தான் போறான்.

உங்க வீட்ல முன் சீட்டுக்கு யாரு சண்டை போடுறாங்க, எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். பெல்ட் போட்டுக்கோங்க, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களும்தான்.